பிள்ளைகளோடு வந்தால் ஒரு நாளைக்கு ஒரு கோயில் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பத்திரிகைகளில் சுற்றுலாப் பக்கங்கள் வருகின்றன. இரண்டே நாளில் சோழநாடு, ஒரே நாளில் ஒன்பது தலங்கள் என்கிற மாதிரி பட்டியல்கள் அவற்றில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதே மாதிரி கூட்டிட்டுப் போயிடுங்கண்ணே" என்று சொல்லும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போகிறவன் நான். கும்பகோணத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அந்தப் பட்டியல் ஒத்து வராது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் நாளிதழ் பல வீடுகளுக்குப் போகிறது. நான் வண்டிக்குள் சொல்வதை ஒரு குடும்பம்தான் கேட்கும். அவர்களும் பட்டியல் போட்டு முடித்த பிறகுதான் கேட்பார்கள்.

பட்டியல் பெரும்பாலும் இப்படி இருக்கும். காலை ஏழு மணிக்குச் சுவாமிமலை. அங்கிருந்து தாராசுரம், பட்டீஸ்வரம். பதினொன்றரைக்குத் தஞ்சாவூர் பெரிய கோயில். மதியம் சாப்பிட்டுவிட்டு அரண்மனை, சரஸ்வதி மகால். மாலையில் திருவையாறு. நேரம் இருந்தால் கல்லணை. மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம், வைத்தீஸ்வரன் கோயில், சிதம்பரம். காகிதத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் பெரிய கோயிலுக்கு அவர்கள் வந்து சேரும் பதினொன்றரை மணிக்குத் தளம் முழுக்க வெயில் இறங்கியிருக்கும். செருப்பை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். விரிப்பு போட்டிருக்கும் பாதையை விட்டு ஒரு அடி விலகினால் பெரியவர்களுக்கே பாதம் பொசுங்கும். பிள்ளைகளின் பாதம் எவ்வளவு மெல்லியது என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் உச்சிக்கால நடை சாத்துகிற அவசரம் வேறு. வரிசையில் ஓடி, சாமி பார்த்து, நந்தி முன்னால் ஒரு படம் எடுத்து, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குத் திரும்பி வருவார்கள். ஆயிரம் ஆண்டுக் கோயிலைப் பார்த்துவிட்டு வந்த முகமாக அது இருக்காது.

மாலைப் பட்டியலில் உள்ள இடங்களைப் பாதிக் குடும்பம்தான் பார்க்கும். பாட்டியும் தூங்கிப்போன பிள்ளையும் வண்டியிலேயே இருப்பார்கள். அந்த நேரத்தில் வேப்ப மரத்து நிழல் தேடி வண்டியைப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, அவர்களுக்குத் துணையாக நானும் உட்கார்ந்திருப்பேன். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தூங்குகிற பிள்ளையை வண்டிக்குள் விட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறோம் என்று யாரும் போகக் கூடாது. மூடிய வண்டிக்குள் வெயில் நேரத்தில் சூடு எவ்வளவு வேகமாக ஏறும் என்பது வண்டியோடு வாழ்கிற எங்களுக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும்.

படித்த, பாசமுள்ள பெற்றோர் ஏன் இப்படித் திட்டம் போடுகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். எங்கள் வாடகைக் கணக்கும் ஒரு காரணம். வெளியூர் டிரிப் என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கிலோமீட்டர் என்று போடுகிறோம். அதற்குக் குறைவாக ஓடினாலும் அந்தத் தொகையைத்தான் கொடுக்க வேண்டும். மேலே டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங். பணத்தைக் கொடுக்கிறவருக்கு இயல்பாகவே, கட்டிய கிலோமீட்டரை ஓட்டித் தீர்க்க வேண்டும் என்று தோன்றும். அப்போதுதான் பட்டியலில் இன்னும் இரண்டு ஊர் சேர்கிறது. பிள்ளையின் உடம்புக்கும் அந்தக் கிலோமீட்டருக்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. ஊரிலிருந்தே வண்டி பிடித்து வராதீர்கள். ரயிலில் கும்பகோணம் வந்து இறங்குங்கள். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் உழவன் விரைவு வண்டி விடியுமுன் இங்கே வந்துவிடும். பிள்ளைகள் படுத்துத் தூங்கிக்கொண்டே வருவார்கள். வளைந்து வளைந்து ஓடும் வண்டியில் வாந்தி எடுக்கிற தொல்லையும் இல்லை. இங்கே ஓர் அறை எடுத்துக்கொண்டு, தேவைப்படுகிற நாளைக்கு மட்டும் உள்ளூர் வாடகைக்கு வண்டி கேளுங்கள். 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு எல்லா ஊரிலும் உண்டு. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 35. போய்த் திரும்பினால் இரண்டுமே ஏறக்குறைய அந்த எண்பதுக்குள் அடங்கிவிடும். தாராசுரத்துக்கு ஓர் ஆட்டோ போதும், டவுன் பஸ்ஸும் உண்டு. மூன்று நாளில் மூன்று பெரிய சோழர் கோயில்களைப் பார்த்துவிடலாம். வெளியூர் வாடகையில் இரண்டு நாள் அலைவதைவிடச் செலவும் குறையும். இப்படிச் சொல்வதால் எனக்குக் கிலோமீட்டர் குறைகிறது என்று என்னோடு வண்டி ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள். குறையட்டும். சிரித்துக்கொண்டு இறங்குகிற பிள்ளைகளை ஏற்றிப்போவதுதான் எனக்குப் பிடிக்கிறது.

இந்த மூன்று கோயில்களில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், சின்னப் பிள்ளைகளுக்குத் தாராசுரம் என்பேன். பெரிய கோயிலிலிருந்து ஆரம்பிக்கத்தான் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். 216 அடி உயர விமானத்தைப் பார்த்து வியக்கப் பெரியவர்களுக்குத் தெரியும். நான்கு வயதுப் பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த நொடி கீழே ஓடும் அணில் பின்னால் போய்விடும். தாராசுரத்தில் பார்க்க வேண்டியவை பிள்ளையின் கண் மட்டத்திலேயே இருக்கின்றன. இரண்டாம் இராசராசன் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. மண்டபத்தையே தேராகச் செய்து, கல்லில் சக்கரம் வைத்து, இழுத்துக்கொண்டு பாயும் குதிரையும் செதுக்கியிருக்கிறார்கள். "இந்தத் தேர் ஏன் நகரல?" என்று கேட்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அங்கே ஒரு சிற்பம் இருக்கிறது. காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை தெரியும், மறு பக்கத்தை மறைத்தால் யானை தெரியும். எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், தேடவிடுங்கள். கிடைக்காவிட்டால் அங்குள்ள காவலாளியைக் கேட்டால் காட்டுவார். ஆளுக்கொரு தரம் மறைத்து மறைத்துப் பார்ப்பதிலேயே நல்ல நேரம் போகும். கருவறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றி நாயன்மார் கதைகள் சின்னச் சின்னக் கட்டங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெரியவர்கள் குனிய வேண்டும், பிள்ளைகளுக்கு நின்ற வாக்கில் தெரியும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதையும் அந்த வரிசையில் உண்டு. அறுபத்து மூவரையும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு கதை போதும். கதை சொல்ல பாட்டியோ தாத்தாவோ கூட இருந்தால் இன்னும் நல்லது. தட்டினால் சுரம் கேட்கும் என்று சொல்லப்படும் படிகளைச் சுற்றிக் கம்பி போட்டிருக்கிறார்கள். அதைத் தட்டிக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள், ஏமாந்து போவார்கள்.

தாராசுரத்தை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வந்த அன்று காலை குளித்து, இட்லி சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, நான்கு மணிக்கு மேல் கிளம்பினால் போதும். கல் ஆறியிருக்கும். வெளியே புல்தரை இருக்கிறது. சுற்றிவந்து களைத்தால் அங்கே உட்காரலாம். இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்.

மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம். விடியற்காலையில் கிளம்பினால் எட்டு மணிக்கு முன்பே கோயிலில் இருக்கலாம். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது போகிற வழிதான். திருப்பனந்தாள் தாண்டி அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கிறோம். அங்கே ஆற்றின் குறுக்கே உள்ள கீழணை 1836ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. அதற்குக் கல் வேண்டும் என்று கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலையும் மற்றக் கட்டடங்களையும் இடித்து எடுத்துப் போனார்கள் என்பது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட செய்தி. அதனால் நான் அணைக்கரையில் வண்டியை மெதுவாக ஓட்டி, "இப்ப நாம பார்க்கப் போற கோயிலோட கல்லு இந்த அணைக்குள்ள இருக்கு" என்று சொல்வேன். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே, எங்கே இடித்தார்கள் என்று தேட ஆரம்பிப்பார்கள். ஒரு பையன் வெளிமதிலின் மிச்சத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் கல்லைத் திரும்பக் கொண்டாந்து வச்சா என்ன?" என்று கேட்டான். அவன் அப்பா பதில் சொல்லத் தெரியாமல் என்னைப் பார்த்தார். அணையை இடித்தால் வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகும் என்று நான் கேட்டேன். திரும்பி வரும்வரை அவனும் அவன் தங்கையும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

கோயிலுக்குள் போனால் சண்டேசருக்குச் சிவன் பூமாலை சூட்டும் சிற்பத்தைப் பார்க்க வேண்டும். வடக்கு வாயில் படிக்கட்டை ஒட்டி இருக்கிறது. கைகூப்பி உட்கார்ந்திருப்பவரின் தலையில் சிவபெருமான் மாலையைச் சுற்றிக் கட்டுகிறார், பக்கத்தில் பார்வதி. அந்தச் சண்டேசர் ஒரு சிறுவன். விசாரசருமர் என்று பெயர். பசுவை அடித்த இடையனைத் தடுத்து, இனி நானே மேய்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டவர். மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் செய்து, பசுக்கள் தாமாகச் சொரிந்த பாலை ஊற்றி விளையாட்டுப்போலப் பூசை செய்தவர். அவர் பிறந்த சேய்ஞலூர் இப்போது சேங்கனூர் என்ற பெயரில் திருப்பனந்தாள் பக்கத்திலேயே இருக்கிறது. நாம் வந்த வழி அது. ஆக, திருப்பனந்தாளில் கதையை ஆரம்பித்தால் சிற்பத்துக்கு முன்னால் போய் நின்று முடிக்கலாம். அவர் தந்தைக்கு நேர்ந்ததைச் சின்னப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டியதில்லை. மணல் லிங்கம், பசு, பால், மாலை. ஐந்து வயதுக்கு அவ்வளவு போதும்.

அங்கே பரந்த புல்வெளி இருக்கிறது. பிள்ளைகளை ஓடவிடலாம். சிங்கமுகத்தின் வழியாகப் படி இறங்குகிற கிணறு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அருகில் மாளிகைமேட்டில் அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் சுவர்கள் இருக்கின்றன. அரண்மனை என்று சொல்லிக் கூட்டிப்போனால், மாடமும் கோபுரமும் எதிர்பார்த்து வரும் பிள்ளைக்கு அந்தச் சுவர்கள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். "ராஜா வீட்டுச் சுவரை மண்ணுக்குள்ளேருந்து தோண்டி எடுத்திருக்காங்க" என்று சொல்லுங்கள். தோண்டுவது என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். வெயில் ஏறிவிட்டால் மாளிகைமேட்டை விட்டுவிடலாம், குறை ஒன்றும் இல்லை. பத்தரை மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அறைக்கு வந்துவிடலாம். அன்று மாலை எங்கும் போகாதீர்கள். மகாமகக் குளத்தங்கரையில் நடந்துவிட்டுப் பெரியவர்கள் ஒரு டிகிரி காபி குடித்தால் அன்றைய நாள் முடிந்தது.

மூன்றாம் நாள்தான் தஞ்சாவூர். பெரிய கோயில் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும். கிழக்குப் பார்த்த கோயில் என்பதால் காலை வெயில் நேராக விமானத்தின் முகப்பில் விழும். பனி நாட்களில் அந்த வெயில் பிள்ளைகளுக்கும் இதமாக இருக்கும். உள்ளே நுழையும்போது இரண்டாவதாக வருவது இராசராசன் திருவாயில். அங்கே நிற்கும் வாயிற்காவலர் சிலையின் காலடியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த யானையை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பு காலடியில் கிடக்கும்படி நிற்கும் காவலர் எவ்வளவு பெரியவர், அவரே காவல்தான் நிற்கிறார் என்றால் உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர்? இதை ஒரு பாட்டி தன் பேத்திக்குப் படிப்படியாகக் கேட்டுக் கேட்டுச் சொன்னதை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் கண்களை விரித்து உள்ளே திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு விமானம் எத்தனை அடி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். விழும். மாலையில் போனால் கிழக்கே நீண்டு கிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பொய் சொல்லித்தான் பெருமை சேர்க்க வேண்டும் என்ற நிலையில் அந்தக் கோயில் இல்லை. ஒரு குடும்பத்தில் அப்பா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் மகள் நிழலின்மேல் நின்றுகொண்டு, "அப்ப இது என்னப்பா?" என்றாள். அவள் கேட்டதுதான் சரி. நிழல் எத்தனை அடி நீளம் என்று காலடியால் அளக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எழுத்து. கோயிலின் அடிப்பீடம் முழுக்கக் கல்வெட்டு. 1010ஆம் ஆண்டில் முடிந்த கோயில் அது. தானும் தன் அக்காவும் தன் பெண்டிரும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்னான் இராசராசன். அந்த எழுத்தில் புள்ளி இருக்காது, உருவமும் மாறியிருக்கும். ஆனாலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை உற்றுப் பார்த்தால் ப, ட, ம மாதிரி சில எழுத்தாவது கண்டுபிடித்துவிடும். தொட்டுத் தடவாமல், விரலைக் காற்றில் ஓட்டி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கல்வெட்டில், கோயிலில் ஆடுவதற்காக வெவ்வேறு ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட நானூறு பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. பெயர் மட்டுமில்லை, எந்தச் சேரி, தெருவின் எந்தச் சிறகு (எந்தப் பக்கத்து வரிசை), எத்தனையாவது வீடு என்றும் எழுதியிருக்கிறார்கள். வீட்டு முகவரியைச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். ராஜா கதையைவிட இது மனதில் நிற்கிறது. வண்டியில் திரும்பும்போது, "நம்ம வீடு எந்தச் சிறகு?" என்று கேட்ட பிள்ளையை எனக்குத் தெரியும்.

ஒன்பதரை, பத்து மணிக்குக் கோயிலை விட்டு வெளியே வந்துவிடலாம். அரண்மனையும் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளும் அருமையானவை, ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அதே நாளில் வேண்டாம். அவர்கள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது மறுபடி வாருங்கள். தஞ்சாவூரிலேயே அறை எடுத்திருந்தால் மாலையில் அதே கோயிலுக்கு இன்னொரு முறை போகலாம். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். காலையில் பார்த்த பாம்பையும் யானையையும், இந்த முறை பிள்ளைகள் உங்களுக்குக் காட்டுவார்கள்.

பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கும் மாதத்தையும் சொல்ல வேண்டும். முழுப் பரீட்சை முடிந்ததும் கிளம்பி வருவதுதான் எல்லாருக்கும் பழக்கம். கத்திரி வெயிலில் வெறுங்காலோடு கற்கோயில் பார்க்கக் கைக்குழந்தைகளைக் கூட்டி வருவது எனக்கு மனசுக்கு ஆகவில்லை. பொங்கல் விடுமுறை நல்லது. சனி ஞாயிறோடு ஒரு நாள் விடுப்புப் போட முடிந்தால் பிப்ரவரி இன்னும் நல்லது. பொங்கலுக்குக் கூட்டம் இருக்கும், ஆனால் காலை ஏழு மணிக்குக் கூட்டம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் டெல்டாவில் ஒன்றும் செய்ய முடியாது. தாராசுரம் கோயில் பள்ளத்தில் இருப்பதால் தண்ணீர் தேங்குவதும் உண்டு.

சாப்பாட்டுக்கு நான் சொல்வது எளியதுதான். காலையில் கிளம்பும்போது பொடி தடவிய இட்லி, வாழைப்பழம், தண்ணீர். புதிய ஊர் ஓட்டலில் குருமாவும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடாதீர்கள். மதியம் தயிர்சாதம். வண்டியில் போன் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைதான் பெரும்பாலும் முதலில் வாந்தி எடுக்கும். போனை வாங்கி வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். நாற்றங்கால், கொக்கு, வாய்க்கால், செங்கல் சூளை என்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. மாற்று உடுப்பு ஒரு செட், துண்டு ஒன்று, காலுறை ஒரு ஜோடி கையில் இருக்கட்டும். பல குடும்பங்களில் பிள்ளைக்குக் காலுறை போட்டுக் கூட்டிப் போகிறார்கள், சூட்டுக்கு அது கொஞ்சம் தாங்கும். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளலாம் என்று எண்ணாதீர்கள். நிலைப்படிகள் உயரம், தளம் மேடு பள்ளம். இடுப்பும் தோளும்தான் உதவும்.

வேண்டுதலுக்காக நவக்கிரகத் தலங்களைச் சுற்ற வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. அது அவரவர் நம்பிக்கை. அதற்கு ஒரே நாளில் ஓடத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பயணத்தையும் பிள்ளைகளுக்கு வரலாறு காட்டும் பயணத்தையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பார்க்காமப் போறதா" என்று சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருபவர்கள் கேட்கும்போது அவர்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. மறுபடி எப்போது விடுமுறை கிடைக்குமோ என்ற பயம் அது. அவர்களிடமும் நான் இதையே சொல்கிறேன். பிள்ளைக்கு இந்த இடம் பிடித்துவிட்டால், அடுத்த முறை உங்களை இழுத்துக்கொண்டு வரும். கால் சுட்டு அழுதபடி திரும்பிய பிள்ளை, கோயில் என்றாலே வேண்டாம் என்று சொல்லும்.

இந்த இடங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர்களிடமும் உங்கள் நாளிதழ் வழியாகச் சில கேட்க வேண்டியிருக்கிறது. மூன்று கோயில்களும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. தஞ்சாவூர் 1987இலும் மற்ற இரண்டும் 2004இலும் சேர்ந்தன. உலகமே பார்க்க வருகிற இடத்தில், குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு தாய் மறைவிடம் தேடி வண்டிக்கே திரும்பி வருவது நியாயமா? நான் வண்டியின் திரையை இழுத்துவிட்டு வெளியே வெயிலில் நின்ற நாட்கள் உண்டு. வாசலை ஒட்டிப் பாலூட்டும் அறை வேண்டும். சுத்தமான கழிப்பறை நுழைவாயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவசரம் வந்தால் நீண்ட தூரம் நடக்காது. குடிதண்ணீர்க் குழாய் பிள்ளைகளின் உயரத்திலும் ஒன்று வேண்டும். விரிப்பை சன்னிதிக்குப் போகும் நேர்ப் பாதையில் மட்டும் போடாமல், பிராகாரத்தைச் சுற்றிலும் போட வேண்டும். நேர்ப் பாதையில் மட்டும் போட்டால் பிள்ளைகள் கல்வெட்டின் பக்கமே போக முடியாது. தகவல் பலகைகள் பெரியவர்களுக்காக, ஆண்டும் அளவும் நிறைந்து இருக்கின்றன. இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி எளிய தமிழில், அவர்கள் கண் உயரத்தில், கோயிலுக்கு நான்கைந்து பலகைகள் வைத்தால் போதும். 'இங்கே ஒரு பாம்பு என்ன செய்கிறது, பார்' என்று ஒரு பலகை இருந்தால் எத்தனை பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்!

இவையெல்லாம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். பிள்ளைகளோடு தாத்தா பாட்டியும் வருகிறார்கள். நிழலில் உட்கார ஒரு திண்ணை, பக்கத்தில் கழிப்பறை, கால் சுடாத பாதை என்று அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். முட்டிவலியோடு வரும் பாட்டியும் மூன்று வயதுப் பேரனும் ஒரே வேகத்தில்தான் நடக்கிறார்கள். அந்த வேகத்தைக் குடும்பம் முழுவதற்கும் வைத்துக்கொண்டால் எல்லாரும் சேர்ந்தே பார்க்கலாம்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை விடுமுறைச் சுற்றுலாப் பக்கம் போடும்போது, சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கென்று தனியாக ஒரு பத்தி வெளியிடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம், கோயில் திறக்கும் நேரம், நடை சாத்தும் நேரம், அங்கே பிள்ளைகள் தேடிப் பார்க்க இரண்டு மூன்று சிற்பங்கள், கழிப்பறை இருக்கும் பக்கம், உள்ளூர் வண்டி வாடகைக் கணக்கு, இவ்வளவும் இருந்தால் போதும். மதுரைப் பக்கம் வருபவர்களுக்குக் கீழடி அருங்காட்சியகத்தையும், சென்னைப் பக்கம் உள்ளவர்களுக்கு மாமல்லபுரத்தையும் இதே மாதிரி எழுதலாம். கீழடியில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் விளையாடிய வட்டச் சில்லுகளும் பகடைக்காயும் இருக்கின்றன. மாமல்லபுரத்துப் பாறையில் எலிகளுக்கு முன்னால் தவம் செய்கிற பூனை இருக்கிறது. அங்கங்கே வண்டி ஓட்டுகிறவர்களையும் காவலாளிகளையும் பூக்கடைக்காரர்களையும் கேட்டால் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள், எங்கே அழுகிறார்கள் என்று சொல்வார்கள். தை மாதத்துக்கு முன்னால் வெளிவந்தால் நல்லது, பொங்கலுக்கு வண்டி கேட்டு மார்கழியிலேயே போன் வர ஆரம்பித்துவிடும்.

இப்படிக்கு,
சுற்றுலா வேன் ஓட்டுநர் ஒருவர்,
கும்பகோணம்.